ஸ்வெட்டர் போட்ட ஐஸ்கட்டி

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆம்ப்ரோஸ் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் என் வீட்டுக்காரி ஷார்லீனும் சுகம். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, அதைச் சுகத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலத்தை நீங்கள்தான் தடவுகிறீர்களா, இல்லை வழக்கம்போல வயதான சிஸ்டர் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா?

திருவருகைக் காலத்தில் உங்கள் மடத்தில் கடிதம் கொடுக்கமாட்டார்கள் என்பதால் ஒரு சேதியை அடக்கி வைத்திருந்தேன். பள்ளி விடுமுறையில் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கானது. பிள்ளைகளுக்குப் பாடத்தை ஒப்பிக்காமல், அவர்களையே செய்து பார்க்கவைத்துக் கற்பிப்பது எப்படி என்று. எனக்குப் போக இஷ்டமே இல்லை. இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு இவர்கள் என்னத்தைச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பயிற்சி நடத்திய பெண் இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்தாள். ஒன்றை வெறும் தட்டில் வைத்தாள். இன்னொன்றைக் கம்பளி ஸ்வெட்டருக்குள் சுற்றினாள். எது முதலில் உருகும், யோசிக்காமல் கை தூக்குங்கள் என்றாள். அக்கா, நான் ஸ்வெட்டருக்குக் கை தூக்கினேன்! கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று வருடா வருடம் பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் மதிப்பெண்ணை வெட்டுகிறவனும் நான். என் கைக்கு மட்டும் அது தெரியவில்லை. ஸ்வெட்டர் என்றால் சூடு என்று தானாக மேலே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அறையில் பாதிப் பேரின் கை மேலேதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் நின்றது. ஸ்வெட்டரைப் பிரித்தால் ஐஸ் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகம். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட இதைச் செய்து பார்த்ததில்லை. இந்த வருடம் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடத்தப்போகிறேன்.

மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் என் வணக்கம். ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாசமுள்ள தம்பி,
ஆம்ப்ரோஸ்


திண்டுக்கல்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலம் சிஸ்டர் பூரணத்திடம் போய்விட்டது, நீ நினைத்தது சரி. மாத்திரையை ஒழுங்காகப் போடு. ஷார்லீனிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பின்வரிசையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவது உனக்குக் கைவந்த கலை. மடத்துக்கு வருமுன் நானும் அங்கே எட்டு வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள். ஏதாவது ஒரு பிள்ளை 'ஏன்' என்று கேட்டுவிட்டால் பாடம் முடியாதே என்று எனக்குப் பதறும். அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் துக்கமாக இருக்கிறது. நீயாவது கேட்க விடு.

உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளும்,
அக்கா அருள்ஜோதி


உட்லண்ட்ஸ்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் உடம்புக்கு எப்படி என்று எழுதுங்கள்.

செய்தே விட்டேன்! பள்ளி கேண்டீனில் குளிர்பானக் கடைக்காரரைத் தாஜா பண்ணி ஒரு வாளி ஐஸ் வாங்கினேன். ஷார்லீன் கொரியா போனபோது வாங்கிய ஸ்வெட்டரை அவளிடம் சொல்லாமல் எடுத்துப்போனேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. மற்ற குழுக்களுக்குக் கம்பளிச் சால்வை, பழைய காலுறை என்று எது கிடைத்ததோ அது. வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. தரை முழுக்கத் தண்ணீர். ஒருவன் ஐஸை வாயில் போட்டுக்கொண்டு, அது காணாமல் போய்விட்டது என்றான். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் போலவே ஸ்வெட்டருக்குத்தான் கை தூக்கினார்கள்.

பிரித்துப் பார்த்ததும் ஒரே கூச்சல். நான் ஏமாற்றிவிட்டேன் என்றார்கள். மறுபடி செய்தோம். மறுநாளும் செய்தோம். இன்ஷா என்று ஒரு பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வாய் திறக்கமாட்டாள். அவள் ஈரக் காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு இங்கிலீஷில், மெதுவாக, கிட்டத்தட்டத் தனக்குத்தானே கேட்டாள்: "அப்படின்னா ஸ்வெட்டர்ல சூடு இல்ல. நான் போட்டுக்கிட்டா சூடா இருக்கே, அது யாரோட சூடு?"

பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். சற்று நேரம் கழித்து அவளே தன் கையைத் தொட்டுப் பார்த்து, "என்னோடதா?" என்றாள்.

அறிவியல் துறைத் தலைவி யாமினி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "சூப்பர்தான் சார். ஆனா ஒரு டாப்பிக்குக்கு மூணு பீரியட் போனா சிலபஸ் எப்ப முடிப்பீங்க?" என்றாள். எனக்கு அன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை. சாயங்காலம் தேக்கா சந்தைப் பக்கம் இறங்கி ஷார்லீனுக்குப் பிடித்த ஆப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
ஆம்ப்ரோஸ்


திண்டுக்கல்
1 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது, அதிசயம்தான். நான் நலம். ஷார்லீனுக்குப் புது ஸ்வெட்டர் வாங்கிக்கொடு.

வரும் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. உனக்குத் தெரியும், ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் படிக்கவும் அனுமதி இல்லை. நீ எழுதினால் மதருடைய அலமாரியில் காத்திருக்கும். தோன்றினால் எழுது.

அந்தப் பிள்ளையின் கேள்வியை இன்று காலை ஜெபத்தில் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஜெபமே நகரவில்லை. அவளுக்கு என் அன்பைச் சொல்லேன்.

அக்கா அருள்ஜோதி


உட்லண்ட்ஸ்
19 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். இதை நீங்கள் ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதல் தவணைச் சோதனையில் என் வகுப்பு கவிழ்ந்துவிட்டது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஐஸைக் கண்ணால் பார்க்காமலே 'வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். இன்ஷா எழுதியிருந்தாள்: ஸ்வெட்டருக்குச் சொந்தச் சூடு கிடையாது, வெளியே இருக்கும் சூட்டை அது உள்ளே விடாது. திருத்தும் விதியில் அவளுடைய சொற்கள் இல்லை. எல்லா வகுப்புக்கும் ஒரே விதி. நான்தான் சிவப்புப் பேனாவால் சுழியம் போட்டேன், அக்கா. அவளுடைய வரியை மறுபடி ஒரு தடவை படித்தேன். போட்டேன்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் பேர் நாறுகிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பாடம் நடக்கவில்லை என்கிறார்கள். விடுமுறைக்கு முன் யாமினி என்னைக் கூப்பிட்டாள்.

"சார், ஏப்ரல் ஒம்பதாந்தேதி மத்த ஸ்கூல்லேர்ந்து டீச்சருங்க கிளாஸ் பாக்க வர்றாங்க. அந்த லெசன் நல்லா போச்சுன்னா நாலாம் வகுப்பு முழுக்க இப்படியே நடத்தலாம்னு பிரின்சிபல் சொல்லிட்டாரு. சொதப்பிடுச்சுன்னா பழையபடி ஒர்க்‌ஷீட்தான். உங்க கிளாஸையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"என்ன லெசன் செய்யட்டும்?"

"அந்த ஐஸ்தான். பிள்ளைங்கள வச்சு ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க."

"அவங்கதான் ஏற்கெனவே பாத்துட்டாங்களேம்மா."

"வர்றவங்களுக்கு அது தெரியாதுல்ல?"

யாமினி கெட்டவள் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும், அக்கா? மறுத்தால் இந்தப் பிள்ளைகளை இழக்கிறேன். வேறு வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஐஸ் கிடையாது, வாளி கிடையாது, காலுறை கிடையாது. ஒப்புக்கொண்டால் எல்லாருக்கும் கிடைக்கும். ஒரு நாள் நடிப்புத்தானே?

தம்பி ஆம்ப்ரோஸ்


உட்லண்ட்ஸ்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போனோம். குருத்து ஞாயிற்றுக்கு ஓலை கட்ட ஆள் வேண்டும் என்றார்கள், பேர் கொடுத்திருக்கிறேன். நேற்று நல்ல மழை. ஷார்லீனுக்கு லேசாகச் சளி.

நாளைக்குத்தான் அந்த வகுப்பு. வேறு விசேஷம் இல்லை.

ஆம்ப்ரோஸ்


திண்டுக்கல்
22 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து உனக்கும் ஷார்லீனுக்கும். சளி போய்விட்டதா?

நேற்று மதர் அலமாரியைத் திறந்தார்கள். உன் இரண்டு கடிதங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். மார்ச் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பதில் எழுத முடியாத நேரத்தில் தம்பி கேட்டிருக்கிறானே என்று அழுகை வந்தது. பிறகு தைரியம் வந்துவிட்டது. நீ ஒத்திகை பார்த்திருக்கமாட்டாய். செய்யப் போகிறவன் அக்காவிடம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். வகுப்பே போனாலும் போகட்டும் என்று விட்டிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும்.

இன்னொன்று கேள். திருநாள் அன்று பேச அனுமதி உண்டு என்பதால் உன் ஐஸ் கதையைச் சொன்னேன். யாருமே நம்பவில்லை! மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு கட்டிகள் எடுத்து, சிஸ்டர் பூரணத்தின் கம்பளித் துண்டில் ஒன்றைச் சுற்றினோம். மதர் உட்பட எல்லாரும் துண்டுக்குத்தான் கை தூக்கினார்கள். பிரித்துப் பார்த்ததும் சிஸ்டர் பூரணம் சிரித்த சிரிப்பில் அவர்களுக்கு இருமல் வந்து முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. எண்பது தாண்டியவர்கள். சமையல்கட்டில் இருக்கும் சிஸ்டர் நேற்று மறுபடியும் தனியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாம் உன்னால்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உடனே எழுது. இன்ஷா என்ன சொன்னாள்?

ஆவலோடு,
அக்கா அருள்ஜோதி


உட்லண்ட்ஸ்
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். சிஸ்டர் பூரணத்தைச் சிரிக்க வைத்தது பற்றி மகிழ்ச்சி. அவர்களுடைய இருமலுக்கு இங்கிருந்து ஏதாவது அனுப்பட்டுமா?

ஏப்ரல் வகுப்பு நன்றாக நடந்தது. வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தி. பிள்ளைகள் முதலில் ஸ்வெட்டருக்குக் கை தூக்கினார்கள், பிறகு ஆச்சரியப்பட்டார்கள். இன்ஷா எழுந்து, அது யாருடைய சூடு என்று கேட்டாள். வந்திருந்த ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். வகுப்பு என்னிடமே இருக்கிறது. ஜூலையிலிருந்து மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கவேண்டுமாம்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

ஆம்ப்ரோஸ்


திண்டுக்கல்
30 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். சிஸ்டர் பூரணத்துக்கு ஒன்றும் அனுப்பவேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களிடம் வாசித்துக் காட்ட மனம் வரவில்லை. பிப்ரவரியில் நீ எழுதியதை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கே அந்தப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். பதிலையும் அவளே தன் கையைத் தொட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். பதில் தெரிந்த பிள்ளை அதே கேள்வியை ஏப்ரலில் ஏன் கேட்கவேண்டும், ஆம்ப்ரோஸ்?

கோபத்தில் எழுதவில்லை. கடிதம் உன்னுடையது மாதிரி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. எழுதுடா.

அக்கா


திண்டுக்கல்
20 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் கேட்டது வருத்தமாக இருந்தால் அதற்குப் பதில் எழுதவேண்டாம். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா அருள்ஜோதி


உட்லண்ட்ஸ்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஷார்லீனும் நலம். உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று நாள் பார்த்தேன். யார் முதலில் தப்பாகச் சொல்வது, யார் அவர்களோடு சண்டை போடுவது, பிரித்ததும் யார் 'ஐயோ' என்பது, எல்லாம் நான் பிரித்துக் கொடுத்தேன். அப்பாவி முகம் என்பதால் இன்ஷாவைத் தப்பாகச் சொல்லும் கூட்டத்தில் வைத்தேன். அவளுடைய கேள்வியை அவளுக்கே சொல்லிக்கொடுத்தேன், அக்கா. முதல் தடவை அவள் மெதுவாகச் சொன்னாள். கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காது, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்றேன். அடுத்த தடவை, கேட்கும் முன் கொஞ்சம் யோசிப்பது போல மேலே பார் என்றேன். அவள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் எல்லாரும் கை தட்டவேண்டும் என்பதும் ஒத்திகையில் இருந்தது.

நான்காம் வகுப்பு முழுவதும் இப்போது இப்படித்தான் நடக்கிறது. யாமினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாளி வாங்கியாகிவிட்டது, ஒரே நிறத்தில் கம்பளித் துணிகளும் வாங்கியாகிவிட்டது. வகுப்பை மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் நடத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் மற்ற பள்ளி ஆசிரியர்கள் வருகிறார்கள். அந்த வீடியோவைப் போடுகிறேன். என் பாடத்திட்டத்தில் 'மாணவர் கேட்கும் கேள்வி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இன்ஷாவின் கேள்வி அச்சாகியிருக்கிறது. போன வாரம் ஓர் இளம் ஆசிரியை கை தூக்கி, "சார், இந்தக் கேள்விய எந்த மாதிரி பிள்ளைய கேக்க வைக்கலாம்?" என்றாள். நல்ல பெண், உண்மையான அக்கறையோடு கேட்டாள். "அதிகம் பேசாத பிள்ளையா பாத்து எடுங்க, எடுபடும்" என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

சொல்லவந்தது இதுகூட இல்லை. செப்டம்பர் விடுமுறைக்கு முன், என் வகுப்புக்காவது பழையபடி ஒன்றைச் செய்வோம் என்று ஆசைப்பட்டேன். பார்வையாளர் இல்லை, வீடியோ இல்லை. இரண்டு கிளாஸ். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். இரண்டிலும் ஐஸ் போட்டால் எது முதலில் உருகும்? எனக்கே தெரியாது. எங்கும் தேடிப் பார்க்காமல் வேண்டுமென்றே தெரியாதவனாகப் போனேன்.

ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இன்ஷா கை தூக்கினாள்.

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ், இன்னைக்கு நான் தப்பா சொல்லணுமா, சரியா சொல்லணுமா?"

"ரெண்டும் இல்லம்மா. எது சரின்னு எனக்கே தெரியாது. நீ என்ன நெனைக்கிறியோ அத சொல்லு" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். குரல்கூட உடைந்தது.

புரிந்துவிட்டது என்பதுபோல் அவள் தலையாட்டினாள். எழுந்து நின்றாள். கொஞ்சம் யோசிப்பது போல மேலே பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "எது சரின்னு எனக்கே தெரியாது!" என்றாள்.

வகுப்பு முழுவதும் கை தட்டியது. என் நடிப்பும் நன்றாக இருந்தது என்று ஒரு பையன் எனக்குக் கட்டை விரலைக் காட்டினான்.

மணி அடிக்கும்வரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று வெளியே போனார்கள். இரண்டு கிளாஸிலும் ஐஸ் கரைந்து போயிருந்தது. எது முதலில் கரைந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அக்கா. நானும் பார்க்கவில்லை.

தம்பி
ஆம்ப்ரோஸ்